நாலாவது சீட்டும் மூன்றாவது ஓலையும்

போன அத்தியாயத்தில் காணாமல் போன ஐஸ் பெட்டியைத் தேடிக் காசிமேடு முழுக்க அலைந்தேன் இல்லையா, அந்தக் கால் வலி இன்னும் தீரவில்லை. சனிக்கிழமை காலை மேஜை மேல் காலை நீட்டிப் படுத்திருந்தேன். என் பெயர் காஜா மொய்தீன். எழில் துப்பறியும் நிலையத்தின் உதவியாளர், காவலாளி, டீ வாங்கி வருபவர், மூன்றும் நான்தான். நிலையம் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில், கயிற்றுக்கடை மாடியில் ஒன்றரை அறை. அந்த அரை அறை எனக்கு.

முதலாளி எழில்மொழி, வியாசர்பாடிக்காரர். பன்னிரண்டு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். "ஓசில போறவன புடிச்சுப் புடிச்சு பேஜாராயிடுச்சு காஜா, கொஞ்சம் பெரிய திருடனா பாப்போம்" என்று வேலையை விட்டு வந்தார். நாலு வருஷமாகப் பெரிய திருடன் யாரும் எங்கள் மாடிப்படி ஏறவில்லை. படி அவ்வளவு மோசம்.

அன்றைக்கு ஏறி வந்தது ஒரு பெண். இருபத்தைந்து வயதிருக்கும். பெயர் மெர்லின், பக்கத்துத் தெரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். உட்கார்ந்ததுமே சொன்னாள்.

"யக்கா, நாளைக்கு எனக்கு மூணாவது ஓலை."

"ஓலையா? பேங்க்லேர்ந்தா?" என்றேன்.

முதலாளி என்னைப் பார்க்காமலே பென்சிலை என் மேல் எறிந்தார். பதினைந்து வருஷமாக மாதா கோயில் மணி கேட்டு எழுந்திருக்கிறேன், எனக்கா தெரியாது? கிறிஸ்தவர் வீட்டுக் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர் சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பார். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். மூன்றாவது ஓலையும் தாண்டிவிட்டால் மாப்பிள்ளை தப்பிக்க வழியே இல்லை.

"ரெண்டு ஓலை முடிஞ்சிருச்சு. நாளைக்கு வாசிக்கும்போது எழுந்து நின்னு தடை சொல்லப் போறாராம்."

"யாரு?"

"தேவப்பிரியம் மாமா. மாப்பிள்ளையோட நைனா."

நான் காலை மேஜையிலிருந்து இறக்கினேன். சம்பந்தியே தடை சொல்வது எங்கள் பேட்டையில் புதுசு.

"இன்னா தடையாம்?" என்றார் முதலாளி.

"எங்க நைனா சீட்டுல போங்கு ஆடுறாராம். 'போங்காட்டம் ஆடுறவன் வூட்ல பொண்ணு எடுக்க மாட்டேன்'னு சீட்டாடுற மன்றத்துல அத்தினி பேர் முன்னால சொல்லிட்டாரு யக்கா."

கதை இதுதான். மெர்லினின் அப்பா அருள்பிரகாசம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். தேவப்பிரியம் அதே கிரேனுக்குக் கீழே, கப்பல் மேல்தளத்தில் நின்று வேலை பார்த்தவர். இருபத்திரண்டு வருஷம் ஒரே ஷிப்ட், ஒரே டிபன் கேரியர். இரண்டு பேரும் ஒரே நாளில் ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். தேவப்பிரியத்தின் மகன் பிராங்கிளின் கப்பலில் ஃபிட்டர். லீவில் வந்தபோது மெர்லினின் மனசைத் திருடியதோடு நிற்காமல், பெரிசுகளுக்கு ஒமாஹா என்ற சீட்டாட்டத்தையும் கற்றுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். இப்போது சிங்கப்பூர்ப் பக்கம் கடலில் இருக்கிறான்.

"காசு வெச்சா?" என்றார் முதலாளி, பழைய பரிசோதகர் குரலில்.

"ஐயோ இல்ல யக்கா. இரும்பு வாஷர வெச்சு. ஜெயிக்கறவருக்கு ஒரு வாரம் கேப்டன் நாற்காலி. சன்னலோரமா ஒரு பிரம்பு நாற்காலி கீது, கடல் காத்து நேரா மூஞ்சிக்கு வரும். பன்னெண்டு வாரம் ஆடுனாங்க. பதினோரு வாரம் எங்க நைனாதான் அதுல ஒக்காந்தாரு."

"நைனா இன்னா சொல்றாரு?"

"'நான் ஒண்ணும் பண்ணல, என் கை தானா போவுது'ங்கறாரு. மேல கேட்டா சோத்துத் தட்ட தள்ளி வெச்சுட்டு எழுந்துர்றாரு." அதுவரை கெட்டியாக இருந்த குரல் அங்கே உடைந்தது. "நைனா போங்கு ஆடலன்னு நீங்க நிரூபிக்கணும். ஆடியிருந்தா அதையும் எனக்கு மொதல்ல சொல்லிடுங்க. கோயில்ல அத்தினி ஜனத்துக்கு நடுவுல மாமா வாயால கேட்டா நான் செத்துருவேன்."

எனக்குக் கிண்டல் எதுவும் தோன்றவில்லை. முதலாளி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மன்றத்துக்குப் போகும் திருவொற்றியூர் பஸ்ஸில் இடம் கிடைத்ததும், "காஜா, ஒமாஹான்னா இன்னா?" என்றார்.

நாலு வருஷத்தில் எனக்குத் தெரிந்த ஒன்றை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. ஆறு வருஷம் சரக்குக் கப்பலில் ஸ்டுவர்டாக இருந்து நான் கற்றது இரண்டே விஷயம்: முட்டை அவிப்பது, ஒமாஹாவில் தோற்பது.

"ஆளுக்கு நாலு சீட்டு யக்கா. மேஜை மேல அஞ்சு சீட்டு, அது எல்லாருக்கும் பொது. மொதல்ல மூணு தொறப்பாங்க, அப்பால ஒண்ணு, அப்பால கடைசி ஒண்ணு. கையிலேர்ந்து ரெண்டு, மேஜைலேர்ந்து மூணு சேத்து யாருது பெருசோ அவருக்கு நடுவுல கெடக்கற குவியல். ஒவ்வொரு தபாவும் கட்டலாம். ஆனா குவியல்ல எவ்ளோ கீதோ அதுக்கு மேல கட்டக் கூடாது."

"எந்த எடத்துல ஜெயிக்கறாங்க?"

"நாலாவது சீட்டுல. அத டர்ன்னு சொல்லுவோம். கைல நாலு சீட்டு கீறதால எல்லாரும் எதுனா ஒண்ணுக்கு வெயிட் பண்ணிகினே இருப்பான். ஒருத்தன் இஸ்பேட்டுக்கு, ஒருத்தன் ஏழுக்கு. நாலாவது சீட்டு வுழுந்தப்புறம் மிச்சம் ஒரே ஒரு சீட்டுதான். உன் கைல நல்ல சீட்டு கீதுன்னு வெச்சுக்க. எதிராளி இன்னும் வெயிட் பண்ணிகினு கீறானா? குவியல் அளவு முழுசா கட்டு. கடைசி சீட்ட அவன் ஓசில பாக்கக் கூடாது."

"டிக்கெட் எடுத்துட்டுத்தான் ஏறணும்."

"அதேதான்! ஆனா அவனுக்கு வேண்டியது ஏற்கெனவே வந்துட்டுதுன்னா, நீ கட்டுறது அத்தினியும் அவனுக்கு மொய். அப்போ கம்முனு இருக்கணும். முக்கியமா, மேஜை மேல ஒரே நம்பர் ரெண்டு வுழுந்து ஜோடி ஆச்சுன்னா, அஞ்சு நம்பர் வரிசையா சேந்த நேர்வரிசை வெச்சிகினு கீறவன் வாயப் பொத்திக்கணும். எதிராளி கைல அத விடப் பெருசு உருவாயிருக்கலாம்."

"ஆக, எதிராளி காத்துகினு கீறானா, வந்து சேந்துட்டானா. இது தெரிஞ்சா போதும்."

"அது தெரிஞ்சிருந்தா நான் ஏன் யக்கா உன்னாண்ட வேல செய்யறேன்?"

முதலாளி பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். அப்படிச் சிரிக்க அதில் ஒன்றுமில்லை என்பது என் கருத்து.

நங்கூரம் மனமகிழ் மன்றம் மொட்டைமாடியில் ஓர் அறை. மேலே தகரம், நடுவில் மேஜை, சன்னலோரம் அந்தப் பிரம்பு நாற்காலி. செயலாளர் ஜெயவேல்தான் எப்போதும் சீட்டுப் போடுபவர். அவரும் சேர்ந்து நாலு பேர் ஆடுவார்களாம்.

"சீட்டுக் கட்டு யார் கொண்டாருவாங்க?" என்றார் முதலாளி.

"வாராவாரம் புதுக் கட்டுங்க. நான்தான் பிரிப்பேன்."

தேவப்பிரியத்தின் இருக்கைக்குப் பின்னால் சுவரில் கண்ணாடி இல்லை, ஒரு காலண்டர்தான் இருந்தது. ஆனால் நான் விடுவேனா? மேஜை மேல் பளபளவென்று ஒரு எவர்சில்வர் சொம்பு இருப்பதைப் பார்த்துவிட்டேன். குனிந்து கண்ணை வைத்தேன். எதிர் இருக்கை அதில் தெரிந்தது!

"யக்கா, கேஸ் முடிஞ்சுது! சொம்புல பாத்துத்தான் ஆடிகினு கீறாரு."

"அது போன வாரம் வாங்குனது தம்பி. அதுக்கு முன்னாடி மண் பானை" என்றார் ஜெயவேல்.

முதலாளி என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் தோள் குலுங்கியது.

"அருள்பிரகாசம் ஐயா மத்தவங்களாண்ட எப்பிடி ஆடுவாரு?"

"கன்னாபின்னான்னு தோப்பாரு. எனக்கே பயந்து நல்ல சீட்ட தூக்கிப் போட்ருவாரு. தேவப்பிரியம் அண்ணன் எதிர்ல கீறப்போ மட்டும், நாலாவது சீட்டு வுழுந்ததும் சாமி வந்தா மாதிரி ஆயிடுவாரு. அவராண்ட ஜெயிச்ச வாஷர வெச்சே எங்களையும் சமாளிச்சுடுவாரு."

"சண்ட எப்பிடி வந்துது?"

"போன வாரம் அருள் அண்ணன் கைல ரெண்டு ராஜா. மேஜைல ஒரு ராஜா, ஒரு ஏழு, ஒரு நாலு. மூணு ராஜாம்மா! நாலாவதா ஒரு அஞ்சு வுழுந்துது. அவர் கட்டல. தேவப்பிரியம் அண்ணன் முழுசா கட்டுனாரு. இவர் மூணு ராஜாவையும் காட்டிட்டு, 'வேணாம்பா'ன்னு கீழ போட்டாரு. தேவப்பிரியம் அண்ணன் கைல ஆறும் எட்டும். நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, நேர்வரிசை. 'என் சீட்டு தெரியாம எவன்டா மூணு ராஜாவ போடுவான்'னு எழுந்துட்டாரு."

அவர் கோபம் எனக்கு நியாயமாகவே பட்டது. கப்பலில் நான் மூன்று ராஜாவோடு மூன்று மாதச் சம்பளத்தை விட்டிருக்கிறேன். அந்தச் சாதாரண ஐந்தைப் பார்த்து ஒரு மனிதன் பயப்படுவதாவது!

முதலாளி சன்னலோரம் போய், பிரம்பு நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார். "பன்னெண்டுல பதினொண்ணு. அந்த ஒரு வாரம் இன்னா ஆச்சு?"

"அது ஆறாவது வாரம். தேவப்பிரியம் அண்ணன் சைக்கிள்லேர்ந்து வுழுந்து வலது கைல மாவுக்கட்டு. கழுத்துல தூளி கட்டிகினு வந்தாரு. அன்னிக்கு அருள் அண்ணன் சரியான அடி வாங்குனாரு."

"சீட்ட எந்தக் கைல புடிச்சாரு?"

"இடது கைலதான். எப்பவுமே அதுலதான் புடிப்பாரு."

"யக்கா!" என்று துள்ளினேன். "மாவுக்கட்டுக்குள்ள சீட்ட ஒளிச்சிகினு வந்திருக்காரு! போங்கு ஆடுனது அந்தாளுதான்!"

"காஜா, நீ போய் டீ சொல்லு" என்றார் முதலாளி. எங்கள் நிலையத்தில் இதற்கு அர்த்தம், விசாரணை முடிந்தது.

ஆட்டம் மூன்று மணிக்கு. இரண்டு பெரிசுகளையும் கடைசியாக ஒரு தடவை உட்கார வைப்பது ஜெயவேல் பொறுப்பு. பிரியாணி சாப்பிடலாம் என்று ரோட்டுக்கு வந்தேன். முதலாளியைக் காணோம். பார்த்தால், கன்டெய்னர் யார்டு வேலிக் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறார். உள்ளே ஒரு கிரேன் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தது. கீழே ஒருவன் சிவப்புச் சட்டை போட்டுக் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தில் அவன் கத்தினாலும் மேலே கேட்காது. முதலாளி அங்கேயே இருபது நிமிஷம் நின்றார். வேலை நின்றதும் அந்தச் சிவப்புச் சட்டையைக் கூப்பிட்டு, தன் கையை ஆட்டி ஆட்டி ஏதோ கேட்டார். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே சொல்லிக் கொடுத்தான்.

"யக்கா, கல்யாணம் ஒண்ணு நிக்கப் போவுது, நீ இன்னா வேடிக்க பாத்துகினு கீற? பிரியாணி வேற தீந்துடும்."

"உன் பிரியாணிய நான் ஜெயிச்சுத் தரேன், வா" என்றார்.

பிரியாணி தீர்ந்துபோயிருந்தது என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

மூன்று மணிக்கு இருவரும் வந்தார்கள். அருள்பிரகாசம் ஒல்லி, வாய் பேசாத மனிதர். தேவப்பிரியம் பருமன், வாய் மூடாத மனிதர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மெர்லின் வாசல் பக்கம் நின்று, ஜெபமாலையைக் கையில் சுற்றி வைத்திருந்தாள்.

"வாம்மா டிடெக்டிவ்" என்றார் தேவப்பிரியம். "என் தோஸ்து எப்பிடி என் சீட்ட பாக்கறான்னு கண்டுபுடி. நாளைக்கு கோயில்ல சொல்றதுக்கு தோதா இருக்கும்."

முதல் ஆட்டம். மேஜையில் இரண்டு இஸ்பேட்டோடு மூன்று சீட்டு. நாலாவது ஒன்றுக்கும் உதவாத ஆர்ட்டின். விழுந்த மறு விநாடி அருள்பிரகாசத்தின் இடது கை வாஷர்களை முன்னால் தள்ளியது. குவியல் அளவு முழுசாக, யோசனையே இல்லாமல். தேவப்பிரியம் முறைத்துப் பார்த்துவிட்டுச் சீட்டை எறிந்தார். கையில் இரண்டு இஸ்பேட், ஐந்தாவதாக ஒன்றுக்குக் காத்திருந்திருக்கிறார்.

"பாத்தியா? பாத்தியா? நான் காத்துகினு கீறது அவனுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

"மாமா, டீ ஆறுது" என்று முதலாளி சுடச்சுட ஒரு கிளாஸை அவர் வலது கையில் திணித்தார். "கீழ வெக்காதீங்க, மேஜை ஆடுது."

இரண்டாவது ஆட்டம். நாலாவது சீட்டு விழுந்தது. அருள்பிரகாசத்தின் இடது கை கிளம்பி, பாதி வழியில் அப்படியே நின்றது. எதிரே பார்த்தார். டீ கிளாஸைப் பார்த்தார். ஒரு நிமிஷம் தடுமாறி, முழுசாகக் கட்டினார். தேவப்பிரியம் வாயெல்லாம் பல்லாகச் சீட்டைத் திருப்பினார். அவருக்கு வேண்டியது ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது.

"வெளியாளு பாக்கும்போது இவனால போங்கு ஆட முடியல! இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?"

மெர்லின் சுவரில் சாய்ந்துவிட்டாள். அவள் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கோ முதலாளியின் மேல் கோபம் கோபமாக வந்தது. யாருக்கு வேலை செய்கிறோம் என்பதையே மறந்துவிட்டாரா?

"இப்போ நான் ஒரு ஆட்டம்" என்றார் முதலாளி. "ஐயாவோட, நான் மட்டும்."

காலையில்தான் ஆட்டத்தின் பெயரைக் கேட்டவர்! நான் அவருக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் கையில் இரண்டு ஜாக்கி, மற்றது இரண்டும் குப்பை. மேஜையில் ஜாக்கி, பத்து, எட்டு. மூன்று ஜாக்கி. அருள்பிரகாசம் கட்டினார், முதலாளியும் ஈடு கட்டினார். நாலாவது சீட்டு, இன்னொரு பத்து.

மேஜையில் பத்து ஜோடி. முதலாளியிடம் மூன்று ஜாக்கியும் இரண்டு பத்தும். எந்த நேர்வரிசையையும் அடிக்கிற கை. அருள்பிரகாசம் அந்த ஜோடியை உற்றுப் பார்த்தார். நிதானமாக ஆடுகிற எவனும் அந்த இடத்தில் அடங்கிப் போவான். அவரும் கையை மடியில் வைக்கத்தான் போனார்.

அப்போதுதான் முதலாளியின் வலது கையைக் கவனித்தேன். மேஜை விளிம்பில் கிடந்தது. ஆள்காட்டி விரல் மட்டும் மேலே நீண்டு, சின்னச் சின்னதாக வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

அருள்பிரகாசத்தின் கண் அந்த விரலில் பட்டது. இடது கை தானாகக் கிளம்பியது. குவியல் அளவு முழுசாக, அத்தனை வாஷரும் முன்னால் போயின.

முதலாளி ஈடு கட்டிவிட்டு, ஐந்தாவது சீட்டு விழுந்ததும் தன் சீட்டைத் திருப்பினார். பெரியவரிடம் ராணியும் ஒன்பதும். எட்டிலிருந்து ராணி வரை நேர்வரிசை. தோல்வி.

"நீ காத்துகினுதானே இருந்த?" என்றார் அருள்பிரகாசம். "ஏத்துன்னு சொன்னியேம்மா!"

ஜெயவேல் கையிலிருந்த சீட்டுக் கட்டு அந்தரத்தில் நின்றது.

"நான் வாயே தொறக்கலையே ஐயா" என்றார் முதலாளி மெதுவாக. "எப்போ சொன்னேன்?"

அவர் முதலாளியின் விரலைப் பார்த்தார். பிறகு தன் இடது கையைப் பார்த்தார். பிறகு, அன்றைக்கு முதல் தடவையாக, தேவப்பிரியத்தின் முகத்தைப் பார்த்தார்.

"மாமா கிரேனுக்குக் கீழ நின்னு இன்னா வேல பாத்தீங்க?" என்றார் முதலாளி.

"சிக்னல்மேன்" என்றார் தேவப்பிரியம். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"வெரல மேல காட்டி வட்டம் போட்டா?"

"ஏத்து. இன்னும் ஏத்து."

"கைய மூடுனா?"

"நிறுத்து. சரக்கு வந்து சேந்துது."

"இருவத்திரண்டு வருஷம் இவர் அறுவது அடி உசரத்துல ஒக்காந்து உங்க வலது கைய மட்டும் பாத்துகினு இருந்தாரு. கண்ணு பாக்கும், இடது கை லீவர தள்ளும். நடுவுல யோசிக்க நேரம் ஏது? யோசிச்சா கீழ கீறவன் நசுங்கிடுவான். இங்க நீங்க சீட்டுக்குக் காத்துகினு கீறப்போ உங்க வெரல் ஏத்து, ஏத்துன்னுது. வேண்டியது வந்ததும் கை மூடிக்குது. போன வாரம் அந்த அஞ்சு வுழுந்தப்பவும் மூடியிருக்கும். மாவுக்கட்டு போட்ட வாரம் கை பேசல, இவருக்கும் ஒண்ணும் புரியல. டீ கிளாஸ புடிச்சப்பவும் அதேதான். நான் டிக்கெட் இல்லாதவன் மூஞ்சப் பாக்கவே மாட்டேன் மாமா. கையத்தான் பாப்பேன்."

தேவப்பிரியம் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். என் மேல் சத்தியம், அப்போதும் அந்த ஆள்காட்டி விரல் லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சட்டென்று அதை இடது கையால் பொத்திக்கொண்டார்.

"எனக்கே தெரியாதுடா தேவா" என்றார் அருள்பிரகாசம். "உன் கைய பாக்கறேன்னே எனக்குத் தெரியாது. அது போங்குதானே? நீயே சொல்லு."

வாய் மூடாத மனிதர் வாயை மூடிக்கொண்டு, செருப்பை மாட்டி, படி இறங்கிப் போய்விட்டார்.

"மாமா!" என்று மெர்லின் படி வரைக்கும் ஓடினாள். அவர் திரும்பவில்லை. அவள் திரும்பி வந்து அப்பாவின் தோளைக் கட்டிக்கொண்டாள். "நைனா, நீ போங்கு ஆடல. எனக்கு அது போதும்" என்று சொன்னாள். அவளுக்கு அது போதவில்லை என்பது கண்ணில் தெரிந்தது.

"கேஸ கண்டுபுடிச்சிட்ட யக்கா" என்றேன் திரும்பும் வழியில். "கல்யாணத்த நிறுத்திட்ட."

முதலாளி பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கொடுத்துவிட்டு அவர் நின்றுகொண்டே வந்தார். அவருக்கு மனசு சரியில்லை என்றால்தான் இப்படி நடக்கும்.

மறுநாள் காலைப் பூசையில் நாங்கள் இருவரும் கடைசி பெஞ்சில். பெஞ்சில் நான் ஒரு முஸ்லிம், பக்கத்தில் பௌத்தக் குடும்பத்து எழில்மொழி. எல்லோரும் முழங்காலிட்டபோது நாங்கள் மட்டும் முருங்கைக்காய் போல நீட்டிக்கொண்டு நின்றோம். அருள்பிரகாசம் ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் இருந்தார். தேவப்பிரியம் மறு கோடியில், தூணோரம். மெர்லின் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்திருந்தாள்.

சாமியார் ஓலையை எடுத்தார். "தேவப்பிரியம் அவர்களின் மகன் பிராங்கிளின், அருள்பிரகாசம் அவர்களின் மகள் மெர்லின். இது மூன்றாவது ஓலை. இத்திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்."

தேவப்பிரியம் எழுந்தார்.

கோயில் முழுக்கத் திரும்பியது. எனக்குப் பக்கத்தில் முதலாளி என் முழங்கையைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது.

"என்ன தேவப்பிரியம்?" என்றார் சாமியார்.

அவர் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. தொண்டையைச் செருமினார். அப்போதும் வரவில்லை. கண் மட்டும் நிறைந்து வழிந்தது. அத்தனை ஜனத்தையும் தாண்டி அருள்பிரகாசத்தைப் பார்த்தார். தொடையோரம் தொங்கிய வலது கை மெதுவாக மேலே வந்தது. ஆள்காட்டி விரல் நீண்டது. வட்டம் போட்டது.

அருள்பிரகாசம் அதைப் பார்த்தார். நேற்றுத்தான் அதே விரல் அசைவை நம்பித் தோற்றவர். விரல் பொய் சொல்லும் என்பது இப்போது அவருக்குத் தெரியும். ஒரு கணம்தான் தயங்கினார். பிறகு எழுந்து நின்றார்.

"ஃபாதர், அவருக்குத் தடை ஒண்ணும் இல்லியாம்" என்றார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லையாம். "ஏத்தச் சொல்றாரு."

"ஆமா ஃபாதர்" என்றார் தேவப்பிரியம், குரல் ஒருவழியாகத் திரும்பி வந்து. "அப்பிடியே அந்த ஃபேனையும் கொஞ்சம் ஏத்தச் சொல்லுங்க. வேர்த்துக் கொட்டுது."

கோயிலில் சிரிக்கக் கூடாது என்று யார் சொன்னது? சாமியாரே சிரித்தார். மெர்லின் முக்காட்டுக்குள் அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. முதலாளி கண்ணைத் துடைத்துவிட்டு, தூசி என்று என்னிடமே சொன்னார்.

நான் அருள்பிரகாசத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உட்கார்ந்துவிட்டார், பார்வை நேராகப் பீடத்தின் மேல் இருந்தது. இடது கை மட்டும், பெஞ்சின் மேல் கிடந்த பாட்டுப் புத்தகத்தை மெதுவாக, முழுசாக, முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது.